சேலத்துக்காரிக்கு எதுக்குக் கடல்?

சேலத்தில் யாரிடமாவது சர்ஃபிங், அதாவது பலகை மேல் நின்று கடல் அலையில் சறுக்கிப் போகும் விளையாட்டு, கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் முதலில் வருவது, "நம்மூர்ல ஏதுங்க கடல்?" என்ற கேள்விதான். அடுத்தது, "இந்த வயசுலயா?" மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. என் சேலையையும் முகவாயையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேச்சை வெள்ளி விலைக்கு மாற்றிவிடுவார்கள்.

எனக்கு 58 வயது. திருநங்கை. 53 வயது வரை ஊருக்கு நான் ஆண். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம், கல்யாணம், ஒரு மகள், சீட்டு, கடன், கோயில் கமிட்டி என்று எல்லாம் முறையாக நடந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்ன செய்தியைக் கடை டிவியில்தான் பார்த்தேன். பக்கத்துக் கடைக்காரர் ஏதோ கேலி பேசினார். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறமும் பல வருஷம் வாய் திறக்கவில்லை.

வீட்டில் சொன்ன கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. என் மனைவி என்னை விட்டுப் போகவில்லை, முழு மனதாக ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்குக் கோபம் இருக்கிறது. அது நியாயமான கோபம் என்றுதான் நானும் நினைக்கிறேன். மகள் வேலைக்காகச் சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில்தான் கோவளம் கடற்கரை பழக்கமானது.

கோவளத்தில் மீனவப் பிள்ளைகள் சர்ஃபிங் கற்றுத்தருவது ஊரறிந்த விஷயம். அந்த ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் 2012 வாக்கில் தொடங்கி வைத்தது. இன்றைக்கு அங்கேயும் மாமல்லபுரத்திலும் பயிற்சி தருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்து, ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார். நான் பார்த்தது அப்படிப்பட்ட ஆட்களை இல்லை. என்னைவிடக் குண்டான, என் வயதுள்ள ஒரு அம்மாள், முழங்கால் ஆழத் தண்ணீரில் தொப்பென்று விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்துகொண்டிருந்தார். கரையில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விழுவது அங்கே சகஜம். எல்லோரும் விழுகிற இடத்தில் நான் ஒருத்தி தனியாகத் தெரியமாட்டேன் என்று தோன்றியது. மறுநாளே பேர் கொடுத்துவிட்டேன்.

படிவத்தில் ஆணா பெண்ணா என்ற இடத்தைக் காலியாக விட்டேன். பயிற்சி தர வந்த தம்பி அதைப் பார்க்கவே இல்லை. "நீச்சல் தெரியுமா? பிரஷர், சுகர் இருக்கா?" இவ்வளவுதான் கேட்டான். அடுத்து, "வாங்க ஆன்ட்டி" என்றான். என்னை எவராவது அக்கா என்று கூப்பிட மாட்டார்களா என்று முப்பது நாற்பது வருஷம் ஏங்கியவள் நான். அக்கா எனும் கட்டத்தையே தாண்டி நேராக ஆன்ட்டியில் போய் இறங்கினேன். ஐம்பதைக் கடந்த எந்தப் பெண்ணுக்கும் வருகிற அதே எரிச்சல் எனக்கும் வந்தது. வந்த பிறகு கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

என்னை எல்லோரும் தைரியசாலி என்கிறார்கள். தைரியம் எல்லாம் ஒருநாள் கூத்து. எனக்குத் தேவைப்பட்டது ஏற்பாடு: என்ன உடுத்துவது, எங்கே மாற்றுவது, மாத்திரையை எப்போது போடுவது, ராத்திரி எங்கே தங்குவது. இதையெல்லாம் சொல்லித்தர எனக்கு ஆளில்லை. அதனால்தான் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நீச்சலில் இருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரையும் போல நானும் சுரைப்புருடையை (காய்ந்த சுரைக்குடுக்கை) முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் பழகியவள். மற்ற பையன்கள் டவுசரோடு குதிப்பார்கள், நான் சட்டையும் போட்டுக்கொண்டு குதிப்பேன். தேமல் இருக்கிறது, வெயில் படக்கூடாது என்று ஒரு பொய். கிணற்று நீச்சல் கடலுக்குப் பாதிதான் உதவும். கிணற்றில் தலைகீழாகப் பாயலாம். அலையில் அப்படி விழுந்தால் கழுத்து போய்விடும், ஏனென்றால் கற்றுக்கொள்கிற இடத்தில் ஆழம் இடுப்பளவுதான். பலகையிலிருந்து விழும்போது தட்டையாக, பக்கவாட்டில் விழ வேண்டும். தண்ணீருக்குள் இருந்து வெளியே வரும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் மடக்கி வைத்துக்கொண்டு வர வேண்டும். மேலே பலகை எங்கே மிதக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கடல் உள்ளுக்கு இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள். பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நகருங்கள். அந்த இழுப்பு பெரும்பாலும் ஒரு குறுகிய வாய்க்கால் அகலத்துக்குத்தான் இருக்கும்.

அடுத்து உடுப்பு. பெண் ஹார்மோன் எடுக்கத் தொடங்கிய புதிதில் நெஞ்சில் ஒன்றும் இல்லை. பிராவுக்குள் சிலிக்கோன் பேட் பொருத்திக்கொள்வேன். அதோடுதான் முதல் வகுப்புக்குப் போனேன். ஒரு அலை என்னைப் புரட்டி எடுத்தது. எழுந்து பார்த்தால் இடது பக்கம் காலி. கரையில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த என் மனைவி, நுரையோடு ஒதுங்கிய அதை எடுத்து, மணலைத் தட்டி, முந்தானையில் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ராத்திரி மகள் வீட்டில் சாப்பிடும்போது தானாக நினைத்துக்கொண்டு புரையேறும்வரை சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அதற்கப்புறம் அம்மாப்பேட்டையில் ஒரு தையல்காரம்மாவிடம் சொல்லி, ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு உள்பக்கமாகப் பை வைத்துத் தைத்துக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு இதே மாதிரி தைத்திருப்பதாகச் சொல்லி, கூலி மட்டும் கேட்டார். அதன் மேல் முழுக்கை ரேஷ் கார்டு. உடம்போடு ஒட்டிய இந்த நைலான் சட்டை வெயிலையும் தடுக்கும், பலகை உரசி நெஞ்சும் வயிறும் சிவந்து போவதையும் தடுக்கும். வெள்ளை மட்டும் வேண்டாம், நனைந்தால் எல்லாம் தெரியும். ஹார்மோனால் மார்பு வளரத் தொடங்கும்போது வேறொரு கஷ்டம் வரும். சும்மா கை பட்டாலே வலிக்கும் காலம் அது. பலகையில் குப்புறப் படுத்தால் கண்ணில் நீர் வந்துவிடும். அந்த மாதங்களில் நான் கடலுக்குப் போவதையே நிறுத்தி வைத்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள், கடல் எங்கேயும் போய்விடாது.

கீழே உறுப்பு தெரியாமல் இறுக்கிக் கட்டும் பழக்கம் உள்ளவர்கள் டேப்பை நம்ப வேண்டாம். உப்புத் தண்ணீரில் அது பாதி கழன்று, மீதி தோலோடு வரும். இறுக்கமான உள் ஷார்ட்ஸ், அதன் மேல் முழங்கால் வரை தொளதொளவென்று ஒரு ஷார்ட்ஸ் போதும். டோப்பா வைப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எனக்கு முன்மண்டை வழுக்கை, ஹார்மோனால் அது திரும்ப முளைக்கவில்லை. தாடையில் நாடா கட்டும் சர்ஃப் தொப்பி போட்டுக்கொள்கிறேன். வெயிலுக்காக அங்கே ஆண் பெண் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்.

உடை மாற்றுவதற்கு வெளிநாட்டுக்காரர்கள் தலை வழியாக மாட்டிக்கொள்ளும் ஒரு துண்டு அங்கி வைத்திருக்கிறார்கள். விலை கேட்டேன், தலை சுற்றியது. நம்மிடம் நைட்டி இருக்கிறது. நல்ல அகலமான காட்டன் நைட்டியைத் தலை வழியாகப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள்ளேயே ஈரத்தைக் கழற்றி, காய்ந்ததை மாட்டிவிடலாம். எந்தப் பக்கத்துக் கழிப்பறைக்குப் போவது, யார் என்ன சொல்வார்கள் என்ற தலைவலியே இல்லை. கடற்கரையில் நைட்டி போட்ட அம்மாள் யார் கண்ணையும் உறுத்தமாட்டாள்.

முகத்து முடிக்கு லேசர் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லேசர் முடியின் கருநிறத்தைப் பிடித்துத்தான் வேலை செய்யும். என் வயதில் தாடியில் பாதி நரை. கறுப்பு போனது, நரை அப்படியே நின்றது. அதற்கு ஒவ்வொரு முடியாக ஊசியால் மின்சாரம் பாய்ச்சும் எலக்ட்ரோலிசிஸ்தான் வழி. முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் எனக்குப் பணம் மிச்சமாகியிருக்கும், சொல்லவில்லை. லேசர் செய்த கையோடு கடல் வெயிலில் நிற்கவும் கூடாது, தோல் கறுத்துவிடும்.

மருந்து விஷயம் இதையெல்லாம்விட முக்கியம். எனக்குப் பிரஷர் உண்டு. வயதாக ஆக, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரையாக உள்ளே போனால் ரத்தம் உறைகிற ஆபத்து கூடும் என்று சொல்லி, டாக்டர் தோலில் தடவும் ஜெல் கொடுத்தார். அதைத் தடவி ஒரு மணி நேரமாவது தண்ணீர் படக்கூடாது, அதே இடத்தில் சன்ஸ்க்ரீனும் தடவக்கூடாது. காலையில் தடவிவிட்டுக் கடலில் இறங்கினால் பாதி மருந்து மீனுக்குத்தான். நேரத்தை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன், டாக்டரைக் கேட்டுத்தான். சேலத்திலிருந்து போகும் நீளமான பஸ் பயணத்தில் வண்டி நிற்கும் இடங்களில் இறங்கி நடப்பதும் இதே ரத்த உறைவு பயத்தால்தான்.

ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்த எனக்கு ஸ்பைரோனோலாக்டோன். அது அடிப்படையில் சிறுநீரைக் கூட்டும் மாத்திரை, ஆனால் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும். பிரஷருக்கு நான் போடும் டெல்மிசார்டனுக்கும் அதே குணம். கடலில் இருந்து வந்ததும் எல்லோரும் என்ன குடிக்கிறார்கள்? இளநீர். அதில் பொட்டாசியம் நிறைய. மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம் என்று டாக்டர் எச்சரித்தார். இளநீர் உடம்புக்கு நல்லது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு இதை நம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கும். இதே மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது வீட்டிலிருந்து தண்ணீரும் மோரும் கொண்டு போகிறேன். "என்னங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்காமல் என் மனைவி என்னைத் தண்ணீரில் இறங்க விடுவதில்லை.

ஹார்மோன் எடுத்தால் புஜத்தில் பலம் குறையும். பலகையில் படுத்துக் கையால் துழாவிப் போகும்போது அது நன்றாகவே தெரிந்தது. அதனால் சேலத்தில் இருக்கும் நாட்களில்தான் என் உண்மையான பயிற்சி. அதிகாலையில் மொட்டைமாடியில் பாய் விரித்து, குப்புறப் படுத்து, இரண்டு கையையும் ஊன்றி ஒரே மூச்சில் எழுந்து நிற்பது. முழங்கால் ஊன்றி எழுந்தாலும் பரவாயில்லை. என் வயதுக்கு அதுவே நல்லது என்று தம்பி சொல்லிவிட்டான். காலுக்காக ஏற்காடு அடிவாரத்தில் நடை. இருபது கொண்டை ஊசி வளைவில் முதல் சிலவற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். முன்பு கூட நடந்த நண்பர்களில் ஒருவர் இப்போது நேரத்தை மாற்றிக்கொண்டார். இன்னொருவர் பழையபடி பக்கத்திலேயே நடக்கிறார், வழியெல்லாம் வெள்ளி விலையைப் பற்றி மட்டும் பேசியபடி. அது போதும் எனக்கு.

பலகையைப் பற்றி: புதியவர்களுக்கு எட்டு ஒன்பது அடி நீள, மேலே ஃபோம் வைத்த மெத்துப் பலகைதான் கொடுப்பார்கள். சின்னதாக ஸ்டைலாக இருப்பதைக் கேட்காதீர்கள். பலகையையும் காலையும் இணைக்க ஒரு கயிறு உண்டு, லீஷ் என்பார்கள். எழுந்து நிற்கும்போது பின்னால் இருக்கும் காலின் கணுக்காலில் பட்டி போட்டு ஒட்ட வேண்டும். தம்பி ஒட்டக் குனிந்தவன் நிமிர்ந்து, "ஆன்ட்டி, கொலுசைக் கழட்டிடுங்க, மாட்டிக்கும்" என்றான். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் விற்றுவிட்டு, எனக்கென்று ஆசைப்பட்டுப் போட்ட முதல் ஜோடி. கழற்றி மனைவி கையில் கொடுத்தேன். அவள் அதை எடை பார்ப்பது போல உள்ளங்கையில் ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, "நம்ம சரக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நான் எழுந்து நிற்க முடியாமல் போனதற்குக் காரணம் முழங்காலும் வயதும் என்றுதான் நினைத்திருந்தேன். தம்பி வேறு ஒன்றைப் பிடித்தான். "நீங்க உங்களையே பாத்துக்கிறீங்க ஆன்ட்டி. கரையைப் பாருங்க." எழும்போது நான் கண்ணைத் தாழ்த்தி என் காலை, சட்டை ஏறியிருக்கிறதா என்று இடுப்பை, நெஞ்சைப் பார்த்துக்கொண்டே எழுந்திருக்கிறேன். தலை குனிந்தால் எடை முன்னால் போகும், பலகை மூக்கைத் தண்ணீரில் குத்தும். இது எல்லா மாணவர்களுக்கும் சொல்கிற பாடம்தான், எனக்கென்று சொன்னதில்லை. ஆனால் நடை நளினமாகிவிட்டதா, கை ஆடுகிறதா, குரல் மெலிந்ததா என்று ஐம்பது வருஷம் என்னையே காவல் காத்த கண் இது. பெண்ணாக வெளியே வந்த பிறகும் காவல் நிற்கவில்லை. குரல் கட்டையாக இருக்கிறதா, தோள் அகலமாகத் தெரிகிறதா என்று மாறிக்கொண்டது, அவ்வளவுதான். பலகை மேல் நிற்கும் அந்தச் சில வினாடிகளில் அதற்கு நேரமில்லை. கடற்கரையிலிருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்துப் பார்த்துக்கொண்டே எழுந்தேன், நின்றேன். நின்றபோது கட்டைக் குரலில் ஏதோ கத்தியிருக்கிறேன். மகள் எடுத்த வீடியோவில் கேட்கிறது. ஹார்மோன் குரலை மாற்றாது, என் குரல் பழைய குரல்தான். அந்த வீடியோவை நான் அழிக்கவில்லை.

சேலத்திலிருந்து போகிறவர்கள் புதிய பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டி ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகலாம். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை என்று போகும் இந்தப் பாதையில் சௌகார்பேட்டைக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு நான் போன காலம் உண்டு. சித்திரை பௌர்ணமி நெருங்கினால் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் போகும் திருநங்கைகள் வண்டியில் ஏறுவார்கள். ஒரு வருஷம் ஒரு பெண் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். காலில் எங்கள் பட்டறை டிசைன். "சேலத்துக் கொலுசுங்களா?" என்று கேட்டேன். "ஆமாண்ணா, நல்லாருக்கா?" என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உளுந்தூர்பேட்டை வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனேன். அவளுக்கு அன்று இருபத்தைந்து இருக்கலாம்.

அவளைப் போன்றவர்கள் பதினைந்து பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்து, திருநங்கைகள் கூடி வாழும் ஜமாத்தில் சேர்ந்து, அடிபட்டு வாழ்ந்தவர்கள். நான் சொத்தும் கடையும் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக வந்தவள். இரண்டையும் ஒன்றாகப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆதரவற்ற, நாற்பது வயதைக் கடந்த திருநங்கைகளுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை தருகிறது. சர்ஃபிங் வகுப்பு ஒன்றுக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். யாரெல்லாம் கடலுக்கு வர முடியும், யாரால் முடியாது என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

தங்குமிடம். மகள் ஊரில் இல்லாத நாளில் ஒரு லாட்ஜுக்குப் போனோம். ஆதாரில் பழைய பேர், பழைய படம். அறை காலி என்று வாசலில் பலகை தொங்கியது, உள்ளே இல்லை என்றார்கள். அன்றைக்கே முடிவு செய்து, 2022இல் திருநங்கைகளுக்கான தேசிய போர்ட்டலில் விண்ணப்பித்து, கலெக்டர் கையெழுத்திட்ட சான்றிதழும் அட்டையும் வாங்கினேன். பிறகு அரசிதழில் பெயர் மாற்றம், அதை வைத்து ஆதார். அலைச்சல்தான், ஆனால் ஒருமுறை அலைந்தால் போதும். இப்போதைய விதிமுறை என்ன என்று கலெக்டர் ஆபீஸில் சமூகநலப் பிரிவில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

வெளிநாட்டில் திருநங்கைகள் சர்ஃபிங் போட்டியில் கலந்துகொள்வது பெரிய சண்டை. ஆஸ்திரேலியாவின் சாஷா ஜேன் லோவர்சன் 2022இல் பெண்கள் லாங்போர்டு (நீளப் பலகை) பட்டம் ஒன்றை வென்றார். மறுவருஷம் உலக சர்ஃப் லீக், பன்னிரண்டு மாதம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அளவு லிட்டருக்கு 5 நானோமோலுக்குக் கீழே இருந்தால்தான் பெண்கள் பிரிவு என்று விதி கொண்டுவந்தது. மகள் இதைக் காட்டி, "நீ எந்தப் பிரிவுப்பா?" என்று கேட்டாள். முட்டி போட்டு எழுகிற பிரிவு என்றேன். அவள் இன்னும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்பதாகவும் இல்லை.

போகிற பருவம் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக் கடல் முரட்டுத்தனமானது, புதியவர்கள் பக்கத்தில் போகவே கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை நன்றாக வரும், கொஞ்சம் பழகியவர்களுக்கு அது. எப்போது போனாலும் விடிகாலைதான், மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பித் தண்ணீரைக் கலைத்துவிடும். புதிதாகத் தொடங்க பிப்ரவரி மார்ச் பொருத்தம். அலை சின்னது, கூட்டமும் குறைவு. விடிகாலையில் தண்ணீர் குளிரும் என்று பயமுறுத்துவார்கள். ஏற்காட்டு மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளித்தவர்களுக்கு அதெல்லாம் ஒரு குளிரா?